சாவுக் கடதாசியும் ஒரு தாயின் உயிலும்

லண்டன் போய் வந்தவர்கள் என்ன கதை சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ரூட்டிங்கில் முருங்கைக்காய் மலிவு, லூசியம் சிவன் கோயிலில் நல்ல கூட்டம், சொந்தக்காரர் வீட்டில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தது, வரும்போது பெட்டியின் நிறை கூடிவிட்டது. கடந்த கோடை விடுமுறையில் திராமனிலிருந்து லண்டன் சென்ற நாங்களும் இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. 400 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன, அல்லது இறக்கவில்லை என்று சிலர் இன்றும் வாதாடுகின்ற ஓர் எழுத்தாளரின் சாவைத் தேடி நாங்கள் போன கதை இது. எங்களோடு வந்த பெரியம்மாவின் கதையும் இதில் இருக்கிறது. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

காகிதக் கரையில் தொடங்கியது

திராமனுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றின் ஸ்ட்ரோம்சோ பக்கத்தில் உள்ள நூலகத்திற்கு நீங்கள் இன்னும் போகவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். அது இருக்கும் இடத்தின் பெயர் பாப்பிர்பிரெட்டன். காகிதக் கரை என்று பொருள். முன்னர் அங்கே காகித ஆலை இருந்தது. 2007இல் நூலகம் வந்தது. அடுத்த ஆண்டு, மூன்று கிளையாகப் பிரியும் இப்சிலோன் நடைபாலம் அதை பிராகர்னெஸ் கரையோடு இணைத்தது. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம், பெரியவர்களுக்கு நோர்வேஜிய மொழிப் புத்தகம், குளிருக்கு ஒதுங்க ஒரு சூடான மூலை எல்லாம் அங்கே காசில்லாமல் கிடைக்கும்.

எங்கள் மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்திற்கு ஓர் எழுத்தாளரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது கிறிஸ்தோபர் மார்லோ. சேக்ஸ்பியர் பிறந்த அதே 1564ஆம் ஆண்டில் பிறந்து, அவருக்கு முன்னரே லண்டன் நாடக மேடையை ஆண்டவர். சாத்தானுக்குத் தன் ஆன்மாவை விற்ற டாக்டர் ஃபவுஸ்டசின் கதையை நாடகமாக்கியவர். 29 வயதில் ஒரு சண்டையில் கத்தியால் குத்துண்டு இறந்தார் என்பது வரலாறு. "அவர் உண்மையில் சாகவில்லை. செத்ததாக நாடகமாடித் தப்பிப் போய், பிறகு சேக்ஸ்பியர் என்ற பெயரில் எழுதினவராம்" என்று மகள் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்.

மேசையில் எங்களுடன் இருந்த பெரியம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அவருடைய மூத்த மகன் 1996 ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அப்போது வயது 22. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. சென்ற வருடம் ஊரிலிருந்து மகள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். காணி எழுதும் அலுவல். மூத்தவரின் பெயரிலும் ஒரு பங்கு இருப்பதால், அவர் இறந்துவிட்டார் என்றோ, காணாமற்போனவர் என்றோ ஒரு சான்றிதழ் வேண்டும் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டாராம். பெரியம்மா அந்தப் படிவத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். கையெழுத்துப் போடவுமில்லை, போடமாட்டேன் என்று சொல்லவுமில்லை.

"செத்தது எண்டு எழுதிப்போட்டும் ஆள் உயிரோடை இருக்கலாமோ பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

மகளுக்கு உடனே பதில் வரவில்லை. பெரியம்மாவுக்கும் விசா எடுத்து எல்லோரும் சேர்ந்து லண்டன் போவோம் என்று முடிவானது அன்றுதான்.

டெற்ஃபோர்ட் தேவாலயம்

லூசியத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்றோம். டெற்ஃபோர்ட் அங்கிருந்து கிட்டத்தான். தேம்ஸ் நதிக்கரையில், ஒரு காலத்தில் அரச கப்பல் கட்டும் தளம் இருந்த ஊர். இன்று அடுக்குமாடிகளும் சந்தைக் கடைகளும் நிறைந்தது. மீன் கடையில் எங்கள் ஊர் மீன் மாதிரி ஒன்றைக் கண்டு பெரியம்மா விலை விசாரித்தார்.

புனித நிக்கலஸ் தேவாலயம் ஒரு ஒடுங்கிய தெருவின் முடிவில் இருக்கிறது. வாசல் தூண்கள் இரண்டின் மேலும் கல்லில் செதுக்கிய மண்டையோடு. கடற்கொள்ளையர் கொடிக்கு இதுதான் மாதிரி என்று அந்தப் பகுதியில் ஒரு கதை உண்டு. உள்ளே பழைய கல்லறைகள், மரங்கள், புல். மார்லோ இங்கே 1593 ஜூன் 1ஆம் திகதி புதைக்கப்பட்டார். எந்த இடத்தில் என்று தெரியாது. அடையாளக் கல் இல்லாத குழி. மதிலில் ஒரு நினைவுப் பலகை மாத்திரம் இருக்கிறது.

பெரியம்மா அந்தப் பலகையின் முன் கனநேரம் நின்றார். பிறகு, "இடம் தெரியாதெண்டாலும் இந்த மதிலுக்குள்ளைதானே" என்றார். அது அவருக்கு ஒரு பெரிய விசயமாகப் பட்டது. எங்களுக்கு அப்போது அது விளங்கவில்லை.

தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் அவரைக் கொன்றவரின் பெயரும் எழுதப்பட்டது. ஆனால் முதற்பெயர் பிழை. இங்ரம் ஃபிரைசர் என்று இருக்க வேண்டியது பிரான்சிஸ் என்று எழுதப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் அந்தப் பழைய கையெழுத்தை வாசித்தவர்கள் கடைசிப் பெயரையும் ஆர்ச்சர் என்று வாசித்தார்கள். இப்படி ஒரு எழுத்துப் பிழையால் கொலைகாரன் யார் என்பதே பல காலம் மறைந்து போனது. இங்கே வந்த புதிதில் எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்குமாக மாறிப் பதியப்பட்டு, அதைத் திருத்த அலைந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

இலத்தீன் கடதாசி

உண்மை வெளிவந்தது 1925இல். லெஸ்லி ஹொட்சன் என்ற ஆராய்ச்சியாளர் லண்டன் சான்சரி லேனில் அப்போதிருந்த அரச ஆவணக் காப்பகத்தில் வேறொரு விடயம் தேடிக்கொண்டிருந்தார். அப்போது இங்ரம் ஃபிரைசர் என்ற பெயர் அவர் கண்ணில் பட்டது. இவன்தான் அவன் என்று அவருக்குப் பொறி தட்டியது. முதலில் மகாராணி எலிசபெத் ஃபிரைசருக்கு வழங்கிய மன்னிப்புப் பத்திரம் கிடைத்தது. அதை வைத்துத் தேடியபோது மரண விசாரணை அறிக்கையே கிடைத்தது. 330 ஆண்டுகளாக ஒருவரும் பிரித்துப் பாராமல் கிடந்த இலத்தீன் கடதாசி. அந்தக் காப்பகத்தின் ஆவணங்கள் இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அறிக்கை சொல்வது இதுதான். 1593 மே 30ஆம் திகதி காலை பத்து மணியளவில் நான்கு பேர் டெற்ஃபோர்ட்டில் எலினர் புல் என்ற பெண்ணின் வீட்டில் கூடினார்கள். மார்லோ, ஃபிரைசர், நிக்கலஸ் ஸ்கியர்ஸ், றொபேர்ட் போலி. மதியம் சாப்பிட்டார்கள். தோட்டத்தில் உலாவினார்கள். மாலை ஆறு மணிக்கு உள்ளே வந்து மீண்டும் சாப்பிட்டார்கள். அதன் பின் சாப்பாட்டுக் காசு யார் கொடுப்பது என்று வாக்குவாதம். மார்லோ கட்டிலில் படுத்திருந்தார். ஃபிரைசர் அவருக்கு முதுகு காட்டி, இருபுறமும் மற்ற இருவரும் இருக்க, நடுவில் இருந்தார். மார்லோ திடீரென்று ஃபிரைசரின் கத்தியை உருவி அவர் தலையில் இரண்டு வெட்டுப் போட்டார். இழுபறியில் கத்தி திரும்பி மார்லோவின் வலக்கண்ணுக்கு மேல் இறங்கியது. இரண்டு அங்குல ஆழம். உடனே மரணம். கத்தியின் பெறுமதி 12 பென்ஸ் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

அறிக்கையைத் தயாரித்தவர் மகாராணியின் மாளிகை மரண விசாரணை அதிகாரி வில்லியம் டன்பி. ஜூன் 1ஆம் திகதி 16 ஜூரிகள் உடலைப் பார்த்து முடிவு சொன்னார்கள். அன்றே அடக்கம். ஜூன் 28ஆம் திகதி ஃபிரைசருக்கு மன்னிப்பு. தற்காப்புக்காகச் செய்தது என்று வழக்கு முடிந்தது.

ஏன் சந்தேகம்?

கியூவுக்குப் போகும் ரயிலில் மகள் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, சந்தேகப்படுபவர்களின் காரணங்களை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அவற்றை நாங்கள் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

அந்த அறையில் இருந்த மூவரும் சாதாரண ஆட்கள் அல்ல. போலி அரசாங்கத்தின் உளவாளி. அந்த நாட்களில் அவர் ஒல்லாந்திலிருந்து அரச கடிதங்களுடன் வந்தவர். மே 8 முதல் ஜூன் 8 வரை முழு நேரமும் மகாராணியின் சேவையிலேயே இருந்தார் என்று எழுதி அவருக்குக் காசு கொடுத்த கணக்கு இருக்கிறது. அப்படியென்றால் மே 30ஆம் திகதி அந்த வீட்டில் இருந்ததும் அரச அலுவலா? ஃபிரைசர், மார்லோவை ஆதரித்த பிரபு தோமஸ் வோல்சிங்கத்தின் ஆள். மார்லோவே மாணவனாக இருந்த காலத்தில் அரசுக்கு இரகசிய வேலை செய்தவர் என்பதற்குச் சான்று உண்டு.

அதைவிடப் பெரிது அப்போது அவர் கழுத்தில் இருந்த கயிறு. அந்த மே மாதம் அவருடன் ஒரே அறையில் எழுதிய நாடகாசிரியர் தோமஸ் கிட் கைது செய்யப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார். அவரிடம் அகப்பட்ட மதவிரோதக் கடதாசிகள் மார்லோவுடையவை என்று கிட் சொன்னார். மே 18ஆம் திகதி மார்லோவைப் பிடிக்க உத்தரவு வந்தது. 20ஆம் திகதி ஆஜரானவரை ஒவ்வொரு நாளும் வந்து முகம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் விட்டார்கள். பத்து நாளில் ஆள் இல்லை. அதன் பின் இரண்டு கிழமைக்குள், சேக்ஸ்பியர் என்ற பெயர் முதன்முதலாக ஓர் அச்சுப் புத்தகத்தில் கடைக்கு வந்தது.

தினமும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்டதும் எங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கையெழுத்து வைக்கப் போய், அடுத்த கிழமை ஊரை விட்டே ஓடிய பெடியங்கள் எத்தனை பேரை எங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்று பார்த்தால், மார்லோ தப்பி ஓடியிருக்கக் கூடாதா என்று எங்கள் மனமும் கேட்டது.

தேடியவர்கள் கண்டது

தேடியவர்கள் பலர். கல்வின் ஹொஃப்மன் என்ற அமெரிக்கர் 1955இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வோல்சிங்கத்தின் கல்லறைக்குள் சேக்ஸ்பியர் நாடகங்களின் மூலப் பிரதிகள் இருக்கும் என்று நம்பி, 1956இல் சிசல்ஹேர்ஸ்ற் தேவாலயத்தில் அதைத் திறக்க அனுமதியும் பெற்றார். உள்ளே மணல் மாத்திரம் இருந்தது. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. மறுக்க முடியாத சான்று கொண்டு வருபவருக்கென்று தன் சொத்தில் ஒரு பெரிய பரிசை எழுதி வைத்தார். மார்லோ படித்த கன்ரபரி கிங்ஸ் பாடசாலை அதை நிர்வகிக்கிறது.

வெளிநாட்டு ஆவணங்களையும் தேடினார்கள். ஸ்பெயினில் வலாடோலிட் என்ற ஊரில் ஆங்கிலக் கத்தோலிக்கக் குருமார் படித்த கல்லூரிப் பதிவில், மார்லோ சாவுக்குச் சில வருடங்கள் பின்னர், அவரது பெயரை ஒத்த பெயர் ஒன்று கிடைத்தது. ஆரவாரம்தான். ஆனால் அது ஜோன் மத்தியூஸ் என்ற வேறொருவர் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட மறுபெயர். எங்களிடமும் மறுபெயரில் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் உண்டு. 400 வருடத்துக்குப் பிறகு அதை வாசித்து ஒருவர் ஒரு முழுக் கதை கட்டக்கூடும்.

புத்தக விடயமும் அப்படித்தான். சேக்ஸ்பியரின் அந்த முதல் நூலை அச்சிடுவதற்கான பதிவு 1593 ஏப்ரல் 18ஆம் திகதியே செய்யப்பட்டுவிட்டது. அது மார்லோவைப் பிடிக்க உத்தரவு வருவதற்கு ஒரு மாதம் முன். மார்லோ மே 30க்குப் பின் உயிருடன் இருந்தார் என்று காட்ட ஒரு கடிதம், ஒரு கடன் பத்திரம், ஒரு சாட்சி இன்றுவரை கிடைக்கவில்லை.

உண்மையாகவே பொய்ச்சாவு செய்த எழுத்தாளர்கள் இல்லாமல் இல்லை. அலிஸ்ரர் குறோலி என்ற ஆங்கிலேயர் 1930இல் போர்த்துக்கல் கடற்கரைப் பாறையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுக் கடலில் விழுந்ததாக நாடகமாடினார். பெரும் கவிஞர் பெசோவா அதற்கு உதவினார். ஆனால் ஆள் ஜெர்மனியில் இருப்பது விரைவில் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் பெர்லினில் தன் ஓவியங்களைக் கண்காட்சிக்கு வைத்தார். உயிருள்ள மனிதன் சாப்பிட வேண்டும், வாடகை கட்ட வேண்டும், யாருக்காவது எழுத வேண்டும். எங்காவது ஒரு தடம் விழும்.

இருந்தும் சந்தேகம் சாகவில்லை. வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயில் 2002இல் மார்லோவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தபோது, இறந்த ஆண்டுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறியையும் போட்டுவிட்டார்கள்.

கன்ரபரியில் பெரியம்மா கேட்டது

இதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்த பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உந்தப் பெடியனுக்குத் தாய் இருந்தவவோ?"

இருந்தார். பெயர் கேத்தரின். தகப்பன் ஜோன், சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. ஊர் கன்ரபரி. அடுத்த நாள் ரயிலேறி அங்கே போனோம். மார்லோ ஞானஸ்நானம் பெற்ற புனித ஜோர்ஜ் தேவாலயத்தில் இன்று கோபுரம் மாத்திரம் நிற்கிறது. மற்றதெல்லாம் 1942இல் ஜெர்மன் குண்டுவீச்சில் போய்விட்டது. கடைத்தெருவில் சனம் அந்தக் கோபுரத்தைத் திரும்பியும் பாராமல் போகிறது. குண்டில் சுவர் போய்க் கோபுரம் மிஞ்சிய கோயில்களை நாங்கள் ஊரில் கண்டிருக்கிறோம். பெரியம்மா சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்.

கோபுரத்தின் அடியில் நின்று மகள் அந்தத் தாயின் உயிலைப் பற்றிச் சொன்னாள். மார்லோ இறந்து 12 வருடம் கழித்து, 1605இல் முதலில் தகப்பனும் சில மாதங்களில் தாயும் இறந்தார்கள். தாய் விட்டுச் சென்ற உயில் இன்றும் இருக்கிறது. தன்னைக் கணவருக்குப் பக்கத்தில் புனித ஜோர்ஜ் தேவாலய முற்றத்தில் புதைக்கச் சொல்கிறார். மோதிரங்கள், வெள்ளிக் கரண்டிகள், உடுப்புகள், விரிப்புகள் என்று ஒவ்வொன்றாக மகள்மாருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். கிறிஸ்தோபரின் பெயர் அதில் இல்லை.

பெரியம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லையெண்டால் ஒரு கரண்டியாவது ஒதுக்கி வைச்சிருப்பா."

"இல்லை ஆச்சி, இரகசியம் எண்டால் உயிலிலை எழுத மாட்டா தானே" என்று மகள் வாதாடினாள்.

"எழுத மாட்டா. ஆனால் ஒரு மகளிட்டைக் குடுத்து, பத்திரமாய் வை எண்டு சொல்லுவா. எல்லாத்தையும் இப்பிடி எண்ணிப் பிரிச்சுக் குடுக்க மாட்டா."

இது ஆவணக் காப்பகத்தில் செல்லுபடியாகும் சான்று அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அத்தனை புத்தகங்களிலும் இந்தக் கேள்வியை இப்படி ஒருவர் கேட்டு நாங்கள் வாசிக்கவில்லை. அதோடு இன்னொன்றும் விளங்கியது. பெரியம்மாவின் இரும்புப் பெட்டியில் மகனின் அடையாள அட்டைப் பிரதியும், ஒரு சேட்டும், சைக்கிள் வாங்கிய ரசீதும் இருக்கின்றன. அவற்றை அவர் எவருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை.

மியோண்டாலன்

திராமன் திரும்பியதும் மகள் இன்னோர் இடத்துக்குக் கூட்டிப் போனாள். திராமனிலிருந்து கொங்ஸ்பேர்க் பக்கம் போகும் ரயிலில் பத்து நிமிடம்தான். மியோண்டாலன் 2020 முதல் திராமன் கொம்யூனோடு சேர்ந்துவிட்டதால் எங்கள் ஊர் என்றே சொல்லலாம். நோர்வேயின் பேர்பெற்ற கவிஞர் ஹெர்மன் வில்டன்வே 1885இல் பிறந்தது அங்கே. அவர் வளர்ந்த போர்ட்டோசன் வீடு அவர் நினைவாகப் பேணப்படுகிறது. மேட்டு நிலம், காடு, கீழே பள்ளத்தாக்கில் ஆறு.

18 வயதில் அவர் அமெரிக்கா போகக் கப்பலேறினார். கப்பலின் பெயர் நோர்கே. கொப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்டு நோர்வேயில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பல் 1904 ஜூன் 28ஆம் திகதி காலை, ஸ்கொட்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் றொக்கோல் என்ற பாறையின் அருகே மோதிச் சில நிமிடங்களில் தாழ்ந்தது. வறுமைக்கும் அடக்குமுறைக்கும் பயந்து புறப்பட்ட நோர்வேஜியர்கள், சுவீடன்காரர்கள், டென்மார்க்காரர்கள், ரசிய யூதர்கள் என 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 160 பேரளவில் தப்பினார்கள். தப்பியவர்களின் படகுகள் ஒரே நாளில் கரை சேரவில்லை. சில நாட்கள் இடைவெளியில் ஒவ்வொன்றாகக் காணப்பட்டன. ஒரு படகு எட்டு நாள் கடலில் கிடந்தது. வீடுகளில் இருந்தவர்கள் பட்டியலில் பெயர் வருமா என்று அந்த நாட்கள் முழுவதும் காத்திருந்திருப்பார்கள்.

வில்டன்வே தப்பினார். அமெரிக்கா போய்த் திரும்பி வந்தார். கப்பலேறியபோது அவர் பெயர் ஹெர்மன் போர்ட்டோஸ். 1902இல் தன் முதல் நூலையும் அந்தப் பெயரில்தான் வெளியிட்டிருந்தார். 1907இல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த தொகுதி வந்தபோது பெயர் வில்டன்வே. நடுக்கடலில் ஒரு கப்பல் தாழ்கிறது, ஒரு பெயர் மறைகிறது, வேறொரு பெயருடன் ஒருவர் வருகிறார். கதை கட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒருவரும் கட்டவில்லை. ஏனென்றால் இரண்டு பெயருக்கும் இடையில் நூல் அறவில்லை. வீடு இருந்தது, ஊரார் இருந்தார்கள், பதிவுகள் இருந்தன. அவர் 1959வரை வாழ்ந்தார்.

வராதவர்களின் வீடுகளோ? அந்த 600 பேரில் பெரும்பாலானோரின் உடல் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாத சாவு எப்படி இருக்கும் என்று இந்த நாட்டுக்கும் தெரியும் என்பதைப் போர்ட்டோசன் மேட்டில் நின்றுதான் நாங்கள் உணர்ந்தோம்.

படிவம்

எங்கள் நாட்டில் 2010இல் வந்த தற்காலிகச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய வழி செய்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மாத்திரம் சொல்லும் சான்றிதழும் வந்தது. காணி, வங்கி, பிள்ளைகள் அலுவல்களுக்கு அதையும் பயன்படுத்தலாம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடத்ததுதான். 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது சான்றிதழ் அல்ல, பதில். அதற்காகக் காத்திருந்தே இறந்த பெற்றோர் பலர்.

நாங்கள் இந்தப் பயணத்தில் படித்தது இதுதான். மார்லோவுக்கு உடலைப் பார்த்த 16 பேர் இருந்தார்கள். கத்தியின் விலைவரை எழுதிய ஓர் அதிகாரி இருந்தார். அறையில் இருந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த அறிக்கை முழு உண்மை இல்லாமல் இருக்கலாம். மூவரும் சேர்ந்து ஒரு கொலையை மறைத்தும் இருக்கலாம். ஆனால் எழுதி வைத்ததால்தான் 330 வருடம் கழித்து ஒருவர் வந்து அந்தப் பெயர்களைக் கேள்வி கேட்க முடிந்தது. அவ்வளவு சான்று இருந்தும் சிலர் அவர் உயிரோடு இருந்தார் என்கிறார்கள். பெரியம்மாவின் மகனுக்கு ஜூரியும் இல்லை, அறிக்கையும் இல்லை, மதிலுக்குள் ஓர் இடமும் இல்லை. ஆனால் அவர் செத்தார் என்று கையெழுத்துப் போடு என்கிறார்கள். டெற்ஃபோர்ட் மதிலடியில் பெரியம்மா சொன்னது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

மியோண்டாலனிலிருந்து வந்த அன்றிரவு அவர் தலையணைக்குக் கீழிருந்த படிவத்தை எடுத்து வந்தார். "செத்தது எண்டு நான் எழுத மாட்டன். நான் காணேல்லை. ஆளைக் காணேல்லை எண்டு எழுதலாம். அது உண்மை. இளையவளுக்குக் காணி வேணும்தானே" என்றார். இறந்தவர் என்பதற்கல்ல, காணாமற்போனவர் என்பதற்கு விண்ணப்பிக்கும்படி ஊருக்கு எழுதச் சொன்னார்.

பிறகு மகளிடம் ஒரு கொப்பி கேட்டார். அந்த ஆடி மாதக் காலை மகன் உடுத்திருந்த சேட்டின் நிறம், சைக்கிளின் இலக்கம், புறப்பட்ட நேரம், எந்த ஒழுங்கையால் போனார், கடைசியாகக் கண்டவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் தமிழில் எழுதினாள். எழுத்துப் பிழைகளை நாங்கள் திருத்தினோம். பெயர்களை மட்டும் பெரியம்மா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கும் நாங்கள் சொல்லக்கூடியது இதுவே. உங்கள் வீட்டிலும் சொல்லப்படாமல் இருக்கும் திகதிகள் இருக்கும். ஞாபகம் உள்ளவர்கள் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளையும் 1900, 1910 குடிசன மதிப்பீடுகளையும் எவரும் காசில்லாமல் பார்க்கும்படி கணினியில் வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு இருந்து ஒருமுறை பாருங்கள். ஓர் ஏழை விவசாயியின் பெயரையும் வயதையும் தொழிலையும் இந்த நாடு எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று தெரியும். எங்களுடையதை நாங்கள்தான் எழுத வேண்டும்.

மகளின் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. மார்லோ 1593 மே 30ஆம் திகதி இறந்தார் என்றே அவள் முடித்திருந்தாள். கேள்விக்குறி போடவில்லை. பெரியம்மாவின் கொப்பியின் முதல் பக்கத்தில் மகனின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு மாத்திரம் இழுத்து விட்டிருக்கிறாள்.